மெல்லிய நாளங்கள் முதலில் சொல்வது

மலேசியாவில் நீரிழிவுக்காக அரசாங்க கிளினிக்கில் பெயர் பதிந்திருக்கும் ஓர் ஆணுக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். பாதத்தில் நைலான் இழையை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதிக்கிறார்கள். கடந்த மூன்று மாதங்களில் இரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும் எச்பிஏ1சி அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். சர்க்கரை மிகுந்த இரத்தம் நுண்ணிய நாளங்களையும் நரம்புகளையும் எவ்வளவு தூரம் கெடுத்திருக்கிறது என்பதையே இவை அனைத்தும் தேடுகின்றன. அதே வகை நாளங்களையும் நரம்புகளையும் நம்பி இயங்கும் இன்னோர் உறுப்பைப் பற்றிய கேள்வி மட்டும் நோயாளியின் வாயிலிருந்தும் வருவதில்லை, மருத்துவரின் வாயிலிருந்தும் பெரும்பாலும் வருவதில்லை. சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி அதைக் கேட்டறியச் சொன்னாலும், வரிசையில் காத்திருக்கும் கூட்டமும் இரு தரப்புக் கூச்சமும் சேர்ந்து அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகின்றன.

விறைப்புக் குறைபாடு என்பது, உடலுறவுக்குப் போதுமான விறைப்பை அடையவோ கடைசிவரை தக்கவைத்துக்கொள்ளவோ தொடர்ந்து இயலாமல் போகும் நிலை. என்றோ ஒரு நாள் களைப்பினாலோ மனக்கவலையினாலோ நேரும் தடங்கலை அப்படிச் சொல்வதில்லை. ஆசை குறைவதும் மலட்டுத்தன்மையும் இதிலிருந்து வேறானவை. விறைப்பு குறைந்தவரின் விந்தணுக்கள் நல்ல நிலையில் இருக்கலாம், மலட்டுத்தன்மை உள்ளவருக்கு விறைப்பில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். நீரிழிவுக்கும் இக்குறைபாட்டுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் நேற்றுக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாரசீக மருத்துவர் இப்னு சீனா நீரிழிவின் விளைவுகளுள் ஒன்றாக ஆண்மை குன்றுவதையும் எழுதிவைத்தார். உலகெங்கும் நடந்த 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த பகுப்பாய்வு, நீரிழிவுள்ள ஆண்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் இக்குறைபாட்டுடன் வாழ்வதாகவும், நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்றும் கணித்தது. பாதிப் பேருக்கு வரும் ஒன்று, கண்ணிலும் காலிலும் வரும் கோளாறுகளைப் போல நோயின் இயல்பான விளைவாகக் கருதப்பட வேண்டியதே தவிர, தனி மனிதனின் ஆண்மைக்கு நேர்ந்த இழுக்கு அல்ல.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு வெகு அருகில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தச் சோதனை செய்யப்படும்வரை தங்களுக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. மலேசிய இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள் என்பதால், இன்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் அவர்களில் ஒருவருக்கு ‘இனிப்பு நீர்’ இருப்பது வியப்புக்குரியதே அல்ல என்ற நிலை உருவாகிவிட்டது. கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் ஜெயாவில் 50 வயதைக் கடந்த ஆண்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளிவந்த ஆய்வில், பத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு, பேசப்படாத இந்தச் சிக்கல் எத்தனை வீடுகளுக்குள் இருக்கும் என்பது விளங்கும்.

உடல் இப்படி நோய்க்கு ஆளானதற்குப் பின்னால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் தொழில் வரலாறும் இருக்கிறது. தோளில் காவடித் தண்டு, அதன் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புப் பானை என்று தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சுமந்து விற்ற நாசி கண்டார், துறைமுகக் கூலிகளின் பசியாற்றிய உணவு. கப்பலிலிருந்து தொங்கான் எனும் சரக்குப் படகுகளுக்கும் அவற்றிலிருந்து கிடங்குகளுக்கும் மூட்டை சுமந்த உடல், ஒரு தட்டுச் சோற்றின் மாவுச்சத்தை அன்று மாலைக்குள் எரித்துத் தீர்த்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் திறக்கப்பட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. துறைமுக வேலை இயந்திரங்களின் கைக்கு மாறியது. பினாங்கு ஆண் உட்கார்ந்தோ நின்ற இடத்தில் நின்றோ வேலை பார்ப்பவரானார், பலர் இரவு ஷிப்டுக்கும் பழகினர். தட்டு மட்டும் சுருங்கவில்லை. சோற்றின் மேல் நாலு வகைக் குழம்பை வெள்ளமாக ஊற்றும் ‘பஞ்சிர்’ முறையும், பொரித்த கோழியும், பக்கத்தில் தே தாரிக் எனும் பால் தேநீரும் சேர்ந்து நள்ளிரவிலும் கிடைக்கின்றன. தே தாரிக்கில் ஊற்றப்படும் கெட்டிப் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. இந்த உணவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அது உருவானது வேறோர் உடலுழைப்புக்காக, இன்று அதை உண்பது உழைப்பு குறைந்த உடல். அந்த இடைவெளியில்தான் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது.

தெற்காசிய உடலுக்கு இந்த இடைவெளி கூடுதல் தீங்கு செய்கிறது. புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ‘லான்செட்’ இதழில் தம்முடைய படத்தையும் பிரிட்டிஷ் மருத்துவரான ஜான் யுட்கினின் படத்தையும் அருகருகே வெளியிட்டார். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதமான உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3 என்றே இருந்தது. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம் என்பதை அந்த ஒரு பக்கக் கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. அதற்கு வெகு முன்பே மலாயா மண்ணில் இதன் விளைவு பதிவாகியிருந்தது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரான டி. ஜே. தனராஜ், சிங்கப்பூரின் பிணக்கூறாய்வுப் பதிவேடுகளைத் தம் குழுவினரோடு அலசி 1959இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கு வாழ்ந்த இந்தியர்களிடையே இதயத் தமனி நோய் சீனர்களைவிடப் பல மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டினார். சோற்றுக்கே திண்டாடிய கூலிகள் மிகுந்திருந்த காலத்தின் பதிவேடுகள் அவை என்பதை நினைக்கும்போது, தமிழர்களின் இதய நோயைச் செல்வத்தின் விளைவு என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்பது தெளிவாகும்.

வளர்சிதை மாற்றம் என்பது உணவை எரிபொருளாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் வேதி வினைகளின் தொகுதி. அது சீர்குலையும்போது தனித்தனியாகத் தெரியும் சில அறிகுறிகள் ஒரே ஆளிடம் கூட்டாக வருவதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் ஒரு சொற்பொழிவில் தொகுத்துக் காட்டினார். அவர் சுட்டிய வேர் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது கணையம் சுரக்கும் இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் சரியாகச் செவிசாய்க்காமல் போவது. இன்றைய வரையறைப்படி ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு, உயர்ந்த டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைவு, 130/85 அல்லது அதற்கு மேற்பட்ட இரத்த அழுத்தம், லிட்டருக்கு 5.6 மில்லிமோல் அல்லது அதற்கு மேற்பட்ட வெறும்வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி. இந்த ஐந்தில் எதுவுமே வலிப்பதில்லை. வலிக்காத நோயை ஆண்கள் நோயாகவே எண்ணுவதில்லை. அதனால்தான் இவற்றின் கூட்டு விளைவு முதன்முதலில் வாழ்க்கையைத் தொடும் இடம் எது என்பது முக்கியமாகிறது.

அந்த இடத்தைப் புரிந்துகொள்ள, நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில் முயலின் தமனித் துண்டுகளைக் கொண்டு நடந்து 1980இல் வெளியிடப்பட்ட சோதனையைப் பார்க்க வேண்டும். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் தமனி தளர்ந்து விரிய வேண்டும். சில துண்டுகள் விரிந்தன, சில விரியவில்லை. தயாரிக்கும்போது உட்புறம் உராய்ந்துபோன துண்டுகளே விரிய மறுத்தவை என்பது பின்னர் தெரிந்தது. நாளத்தின் உட்சுவரில் ஒரே ஓர் அடுக்காகப் படிந்திருக்கும் செல்களுக்கு அகவணிக்கலம் என்று பெயர். விரியச் சொல்லும் செய்தி அங்கிருந்துதான் புறப்படுகிறது, அந்த அடுக்கு போனால் செய்தியும் போய்விடுகிறது. அந்தச் செய்தியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது 1980களின் பிற்பகுதியில் உறுதியாயிற்று. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவரும் இதற்காக 1998இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆணுறுப்பின் விறைப்பையும் இதே வாயுதான் நடத்துகிறது. பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு முனைகளும் அகவணிக்கலமும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன; அது தசைச் செல்களுக்குள் சுழல் ஜிஎம்பி என்ற மூலக்கூற்றைப் பெருக்குகிறது; தசை தளர்கிறது, தமனி விரிகிறது, பஞ்சு போன்ற திசுவின் அறைகளுக்குள் இரத்தம் பாய்ந்து நிரம்புகிறது, அந்த அழுத்தத்தில் வெளியேறும் சிரைகள் நசுங்கி இரத்தம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே விறைப்பு என்பது முதன்மையாக ஓர் இரத்த ஓட்ட நிகழ்ச்சி.

இன்சுலின் எதிர்ப்பு இந்தத் தொடரைப் பல இடங்களில் அறுக்கிறது. ஆரோக்கியமான உடலில் இன்சுலினே அகவணிக்கலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்யும். எதிர்ப்பு உண்டானபின் அந்தத் தூண்டுதல் மங்குகிறது. சர்க்கரை மிகுந்த இரத்தம் உருவாக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள், சுரந்த கொஞ்ச நைட்ரிக் ஆக்சைடையும் வேலை செய்வதற்கு முன்பே அழித்துவிடுகின்றன. புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்வதால் நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய திசு இறுகி நார்போலாகிறது. காலில் மதமதப்பை உண்டாக்கும் நரம்புச் சிதைவு, விறைப்பைத் தொடங்கிவைக்கும் தன்னியக்க நரம்புகளையும் விட்டுவைப்பதில்லை. வயிற்றுக் கொழுப்பில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் மூளையிலிருந்து விதைப்பைக்குப் போகும் கட்டளையையும் தளர்த்துகின்றன. குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் தூக்கக் கோளாறு இருந்தால், இரவில் சுரக்க வேண்டிய ஹார்மோன் மேலும் குறைகிறது. ஓர் ஆளிடம் இவற்றில் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். பெரும்பாலும் எல்லாம் கலந்தே நடக்கின்றன.

இனி, இந்நோய்த்தொகுதியின் மிக முக்கியமான உண்மைக்கு வரலாம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர். கழுத்துத் தமனிக்கு 5 முதல் 7. ஆணுறுப்பின் தமனிக்கோ 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். உட்சுவர் கெடுவதும் கொழுப்பு படிவதும் உடலெங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தாலும், அதே அளவு படிவு மெல்லிய நாளத்தில் ஓட்டத்தை முன்பே குறைத்துவிடுகிறது. ஆற்றில் நீர் குறைவதைத் தலைமடைக்காரர் அறியும் முன்பே கடைமடை வயல் காய்வதைப் போல, இதயம் எந்த அறிகுறியும் காட்டாத காலத்தில் விறைப்பு தளர்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் பிரான்செஸ்கோ மொன்டோர்சியும் அவருடைய குழுவினரும் நெஞ்சுவலியோடு வந்து இதயத் தமனி அடைப்பு உறுதியான 300 ஆண்களிடம் விசாரித்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடும் இருந்தது. அந்தப் பாதியில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்பே, சராசரியாக 39 மாதங்களுக்கு முன்பே, தொடங்கியிருந்தது. 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, விறைப்புக் குறைபாடு இதய நோய்க்கான எச்சரிக்கையாக, புகைப்பழக்கத்துக்கும் குடும்பத்தில் மாரடைப்பு இருப்பதற்கும் ஒப்பான எடையுடையது என்று கண்டது. மூன்று ஆண்டு அவகாசம் என்பது மருத்துவத்தில் சிறிய கொடை அல்ல. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவரவும், புகையை நிறுத்தவும், கொழுப்புக்கு மருந்து தொடங்கவும், வெளியே தெரியாதிருந்த நீரிழிவைக் கண்டறியவும் அது போதும். கூச்சத்தினால் வீணாவது அந்த அவகாசம்தான்.

எல்லா விறைப்புக் குறைபாடும் நாளத்தின் கோளாறல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். திடீரென்று தொடங்கி, ஒரு சூழலில் மட்டும் நேர்ந்து, அதிகாலையில் தானாக வரும் விறைப்பு இயல்பாக இருந்தால் மனம் சார்ந்த காரணமே மிகுதி. இளைஞர்களிடம் இது அடிக்கடி காணப்படும். படிப்படியாகக் குறைந்து, அதிகாலை விறைப்பும் மறைந்தால் உடலில் காரணம் தேட வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் ஆண்கள், படுக்கையறைச் சிக்கலைத் தீர்க்கப்போய் பக்கவாதத்தை வரவழைத்துக்கொள்ளக்கூடும். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும்.

சில்டெனாஃபில், வயாகரா என்ற பெயரில் உலகம் அறிந்த மருந்து, முதலில் இதய வலிக்காகவே சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எதிர்பார்த்த பயன் இதயத்தில் கிட்டவில்லை; பக்கவிளைவாகத் தெரிந்த விறைப்பே பின்னர் அதன் பயனாயிற்று, 1998 மார்ச் மாதம் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. சுழல் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதே அதன் வேலை. நைட்ரிக் ஆக்சைடை அது உண்டாக்குவதில்லை. இருப்பதன் விளைவை நீட்டிக்கிறது. ஆகவேதான் அகவணிக்கலமும் நரம்பும் கெட்டுப்போன நீரிழிவு நோயாளிகளிடம் அது முழுப் பயன் தருவதில்லை: 1999இல் வெளிவந்த ஒரு சோதனையில் அம்மருந்தை உண்ட நீரிழிவு நோயாளிகளில் 56 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 விழுக்காட்டினரும் முன்னேற்றம் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு உதவும் மருந்து நல்ல மருந்துதான். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் சில்டெனாஃபிலைத் தொட்டால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம் என்பதால், மருத்துவரின் கைவழியாக மட்டுமே அது வர வேண்டும்.

மருத்துவரிடம் போகக் கூசுபவர் போகும் இடங்கள் வேறு. ஆண்மைக்கு என்று விற்கும் காபிப் பொட்டலங்களும், தொங்காட் அலி வேர் கலந்ததாகச் சொல்லும் குளிகைகளும், கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் மலேசியாவில் எங்கும் உண்டு. அவற்றில் பலவற்றுள் சில்டெனாஃபில், தடலாஃபில் ஆகிய மருந்துகள் கமுக்கமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துத் தடைசெய்கிறார்கள். 2008இல் சிங்கப்பூரில் நடந்தது இதைவிடக் கொடியது. ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் 150 பேர், பெரும்பாலும் நீரிழிவே இல்லாத ஆண்கள், இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்த நிலையில் அரசாங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், நால்வர் இறந்தார்கள். சேர்க்கப்பட்டவர்களில் பலர் உட்கொண்டிருந்த கள்ளத்தனமான ஆண்மைக் குளிகைகளில் கிளைபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து மிகுந்த அளவில் கலந்திருந்தது. மருத்துவரிடம் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் அவை என்று சொல்வதில் மிகையில்லை.

வேரில் கைவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நேப்பிள்ஸ் நகரிலிருந்து நம்பத்தக்க சான்று உண்டு. கேத்தரின் எஸ்போசிட்டோவும் அவருடைய குழுவினரும் விறைப்புக் குறைபாடும் பருமனும் உள்ள, ஆனால் நீரிழிவு இன்னும் வராத 110 ஆண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் விரிவான வழிகாட்டல். மறு குழுவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதல் குழுவின் 55 பேரில் 17 பேருக்கு மாத்திரை எதுவுமின்றி இயல்பான விறைப்பு மீண்டது. இரண்டாம் குழுவின் 55 பேரில் மூவருக்கு மட்டுமே. மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூட முழுதாக மீளவில்லை என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை. மீண்டவர்களின் இதயத்துக்கும் அதே இரண்டு ஆண்டுகளில் கிடைத்த நன்மை இந்தக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை. வாரத்துக்கு 160 நிமிடங்கள் மிதமான அல்லது கடுமையான உடற்பயிற்சியை ஆறு மாதங்கள் தொடர்ந்தால் விறைப்பு மேம்படும் என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. தண்ணீர்மலை அடிவாரத்தில் தாவரப் பூங்காவைச் சுற்றி நடக்கும் பினாங்குக்காரர் வாரத்தில் நாலு மாலை, மாலைக்கு 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும். தே தாரிக்குக்குப் பதில் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்பதும், குழம்பு வெள்ளத்தைப் பாதியாக்கச் சொல்வதும் அதனோடு சேரலாம்.

கிளினிக்கில் கேட்கும் விதமும் மாற வேண்டும். ‘உங்களுக்கு ஆண்மைக் குறைவு இருக்கிறதா?’ என்று கேட்டால் எந்தத் தமிழ் ஆணும் இல்லை என்றே சொல்வார், அதிலும் மனைவியோ மகளோ பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். அவரைத் தனியே உட்கார வைத்து, ‘இனிப்பு நீர் உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு விறைப்பில் சிக்கல் வருகிறது, ஐயா, உங்களுக்கும் அப்படி ஏதாவது தெரிகிறதா?’ என்று கேட்டால் விடை வேறாக இருக்கும். தம்மைப் போல் பலர் உண்டு என்ற செய்தி கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பேச முடியாதவர் கையில் கொடுக்க, ஐந்தே கேள்விகள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. 25க்கு 21 அல்லது அதற்குக் கீழ் மதிப்பெண் வந்தால் குறைபாடு உண்டு என்று கொள்கிறார்கள். அப்படி வந்தவரின் மருந்துச்சீட்டில் சில்டெனாஃபிலை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. வெறும்வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் கொழுப்பும் பார்க்கப்பட வேண்டும். இடுப்பை நாடாவால் அளக்க வேண்டும். ஆசையும் குறைந்திருந்தால் காலை நேர டெஸ்டோஸ்டிரோனையும் சோதிக்க வேண்டும். ஒரு மைல் தூரத்தைச் சமதரையில் 20 நிமிடத்தில் நெஞ்சுவலியோ அளவு மீறிய மூச்சிரைப்போ இன்றி நடக்க முடிகிறதா என்றும் கேட்க வேண்டும், உடலுறவு இதயத்திடம் கேட்கும் உழைப்பு ஏறத்தாழ அவ்வளவே என்பதால். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளில் சென்ற ஆண்டு நிற்காமல் ஏறியவர் இந்த ஆண்டு பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மாத்திரைக்கு முன் அவருக்குத் தேவைப்படுவது இதய நோய் மருத்துவரின் சோதனை.